நோயாளியின் சொல்லும் ஓர் அமானத்தே

அல்லாஹு தஆலா மனிதனுக்கு வழங்கியுள்ள நிஃமத்துகளில் அறிவும் நாவும் தலையாயவை. இவ்விரண்டும் நம்மிடம் இருக்கும் வரை, நமக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பதை நாமே சொல்லிக்கொள்கிறோம். ஆனால் ரூஹு பிரிவதற்கு முன்னரே இவ்விரண்டும் கைவிட்டுப்போகும் நாள் பலருக்கும் வருகிறது. பக்கவாதம் வரலாம், சாலை விபத்து நேரலாம், முதுமையில் மறதி நோய் பற்றலாம். அந்த நாளில் நமக்காகப் பேசப்போவது யாருடைய நாவு?

நம் பெரியவர்களில் பலர் எதற்கும் முன்னேற்பாடு உடையவர்கள். ஹஜ்ஜுக்குப் போனபோது ஸம்ஸமில் நனைத்து எடுத்துவந்த கபன் துணி அவர்களுடைய பீரோவில் பத்திரமாக இருக்கும். எந்த கபுருஸ்தானில், யாருக்குப் பக்கத்தில் அடக்க வேண்டும் என்றும் சொல்லிவைத்திருப்பார்கள். கடையின் பங்கு, வீட்டின் பத்திரம், கொடுக்கல் வாங்கல் எல்லாம் எழுத்தில் இருக்கும். கபனுக்கு முந்திய பத்து நாட்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தப் பத்து நாட்களில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வாப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவின்றிக் கிடக்கிறார்கள். டாக்டர் வெளியே வந்து, “செயற்கைச் சுவாசம் பொருத்தலாமா? யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?” என்று கேட்கிறார். மூத்த மகன் துபாயிலிருந்து போனில், “எவ்வளவு செலவானாலும் சரி, நான் வரும் வரை எதையும் நிறுத்தக் கூடாது” என்கிறார். இரவு பகலாகக் கூடவே இருந்து பார்த்த இளையவர், “வாப்பாவை இனி வாட்ட வேண்டாம்” என்கிறார். மகளுக்கு ஒரு கருத்து, மருமகனுக்கு வேறொன்று. நாற்பது வருடம் கூட வாழ்ந்த உம்மா தஸ்பீஹைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை. கடைசியில் யார் குரல் உயர்ந்ததோ அவர் சொன்னது நடக்கிறது. மய்யித்தை அடக்கிவிட்டு வந்த மூன்றாம் நாளே, “வாப்பாவை நீதான் கொன்றாய்” என்று ஒருவரும், “நீதான் வதைத்தாய்” என்று மற்றவரும் பேசத் தொடங்குகிறார்கள். அதன் பிறகு அந்தச் சகோதரர்கள் ஒருவர் வீட்டு வாசலை ஒருவர் மிதிப்பதில்லை. இப்படிச் சிதறிய குடும்பங்கள் நம் ஊர்களில் இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

இவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். இருவரும் வாப்பாவின் மேலுள்ள பாசத்தினால்தான் பேசினார்கள். பாசம் மட்டுமே வழிகாட்டியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நமது நாயகம் (ஸல்) அவர்களின் இல்லத்திலேயே ஒரு படிப்பினை இருக்கிறது.

கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் இறுதியாக நோயுற்றிருந்தபோது, வீட்டிலிருந்தோர் அவர்களுடைய வாயின் ஓரத்தில் மருந்தை ஊற்றினார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சைகையால் தடுத்தார்கள். எந்த நோயாளிக்கும் மருந்தென்றால் வெறுப்புத்தானே, அதனால்தான் தடுக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, இருந்தவர்கள் ஊற்றியே விட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தெளிவு வந்ததும், நான் தடுக்கவில்லையா என்று கேட்டார்கள். அது மட்டுமன்று, அப்போது அங்கிருந்த ஒவ்வொருவரின் வாயிலும், தாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதே மருந்தை ஊற்றும்படி உத்தரவிட்டார்கள். அந்த நேரத்தில் உடனில்லாத அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மாத்திரம் விலக்களித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றிருக்கிறது.

மருந்து ஊற்றியவர்கள் யார்? அந்த நாயகத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர்கள். ஆயினும் நோயாளி வேண்டாமென்று காட்டிய ஒரு சைகையை, ‘நோயாளிதானே’ என்று ஒதுக்கியதை நாயகம் (ஸல்) அவர்கள் லேசாக விடவில்லை. படுக்கையில் கிடப்பவரின் விருப்பம் ஒரு பொருட்டே அல்ல என்று நடந்துகொள்ளும் நமது வீடுகளுக்கு இந்த ஹதீஸ் போதாதா?

இங்கே சிலருக்கு ஒரு சந்தேகம் எழும். சிகிச்சை வேண்டாமென்று சொல்ல ஒரு முஸ்லிமுக்கு உரிமை உண்டா? அது தற்கொலைக்கு ஒப்பாகாதா? நியாயமான கேள்விதான். மருந்து செய்துகொள்ளுங்கள், அல்லாஹ் நோயை இறக்கியபோது அதற்கு நிவாரணத்தையும் இறக்கியே இருக்கிறான் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். எனவே வைத்தியம் செய்துகொள்வது சுன்னத்து என்பது ஷாபிஈ இமாம்களின் முடிவு. ஆகுமானது என்பது ஹனபீ கிதாபுகளில் பரவலாகக் காணப்படுவது. இவற்றோடு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் செய்திருக்கும் ஒரு பிரிவினையை நாம் மனத்தில் வைக்க வேண்டும். ஒளரங்கசீப் ஆலம்கீர் காலத்தில் தொகுக்கப்பட்ட பதாவா ஆலம்கீரியிலும் அதே பிரிவினை வருகிறது. பலன் உறுதியானது ஒரு வகை; பசித்தவனுக்கு உணவும் தாகித்தவனுக்குத் தண்ணீரும் போல. உயிர் போகும் என்றிருக்கும்போது அதை விடுவது ஹராம். பலன் பெரும்பாலும் கிடைக்கலாம் என்று எதிர்பார்ப்பது இரண்டாவது. அன்றைய வைத்தியத்தில் பெரும்பகுதியை இதில்தான் சேர்த்தார்கள். இதை விடுவது ஹராமாகாது. பலன் வெறும் யூகமானது மூன்றாவது.

இதை இன்றைய ஆஸ்பத்திரிக்குப் பொருத்திப் பாருங்கள். விபத்தில் ரத்தம் கொட்டுகிறது. கட்டுப்போட்டு ரத்தம் ஏற்றினால் பிழைப்பார். இதை வேண்டாமென்று சொல்ல யாருக்கும் இடமில்லை. புற்றுநோய் உடலெங்கும் பரவி, இனி மருந்தில்லை என்று நம்பிக்கையான மருத்துவர்கள் பலர் சொல்லிவிட்ட பிறகு, மூச்சுக் குழாயைச் செலுத்தி இன்னும் சில நாள் இழுத்துப் பிடிப்பது வேறு. அது வேண்டாமென்று ஒருவர் சொன்னால் அவர் உயிரை மாய்த்துக்கொண்டவர் ஆகமாட்டார். நோயைத் தம் போக்கில் விட்டுவிட்டு, அல்லாஹ்வின் கத்ரைப் பொருந்திக்கொண்டவர் ஆவார். ஆனால் ஊசி போட்டு உயிரைப் போக்குங்கள் என்று நோயாளியே கெஞ்சினாலும் அது கூடாது. காயத்தின் வேதனை பொறுக்காமல் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு இறந்த முன்னோர் காலத்து மனிதர் ஒருவரைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது புகாரியில் இருக்கிறது. அந்த எல்லைக் கோட்டை யாரும் தாண்டலாகாது.

வலிப்பு நோயினால் வருந்திய ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆ கேட்டபோது, பொறுத்துக்கொண்டால் சுவனம் உண்டு, விரும்பினால் சுகம் வேண்டி துஆச் செய்கிறேன் என்று அவருக்கு இரண்டு வழிகளைக் காட்டினார்கள். அந்த அம்மையார் பொறுமையைத் தெரிந்துகொண்டார். ஆனால் வலிப்பு வரும்போது உடல் திறந்துவிடாமல் இருக்க துஆச் செய்யும்படி மட்டும் வேண்டினார். அவருக்கு எது முக்கியமாகப் பட்டது, பார்த்தீர்களா? நம் வீட்டுப் பெண்களிலும் எத்தனையோ பேர், உயிரைவிட மானம் பெரிதென்று நினைப்பவர்கள். நினைவிழந்த பின் தம்மை யார் தொடுவார்கள், எப்படிப் போர்த்தியிருப்பார்கள் என்ற கவலையை அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை. சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

இனி அந்த ஆளைப் பற்றி வருவோம். நிகாஹ் மஜ்லிஸில் வகீல் வைப்பதை நாமெல்லோரும் அறிவோம். நமக்காக ஒரு காரியத்தைச் செய்ய மற்றொருவரை நியமிப்பதற்கு வகாலத் என்று பெயர். ‘என் வைத்திய விஷயங்களுக்கு என் மகன்தான் வகீல்’ என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்ததென்று பலரும் நினைக்கிறார்கள். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. நியமித்தவருக்குப் பைத்தியம் பிடித்தால் வகாலத் முறிந்துவிடும். மயக்கமுற்றாலும் முறிந்துவிடும் என்பதே மிகச் சரியான சொல் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் எழுதியிருக்கிறார்கள். ஹனபீ மத்ஹபிலும் நீடித்த புத்தி நீக்கம் வகாலத்தை முறித்துவிடும். ஆக, எந்த நேரத்துக்காக ஆளை வைத்தோமோ அந்த நேரம் வந்ததும் அவருடைய அதிகாரம் போய்விடுகிறது! சொத்துக்கு எழுதும் சாதாரண முக்தியார் பத்திரத்தின் கதியும் இதுவே. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு, எழுதிக்கொடுத்தவர் இறந்தாலோ புத்தி சுவாதீனம் இழந்தாலோ முகவரின் அதிகாரம் முடிந்துவிடும் என்கிறது. ‘வாப்பா பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்’ என்று ஆஸ்பத்திரியில் நீட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அப்படியானால் விலாயத்தைக் கொண்டு தீர்மானிக்கலாமே என்றால், ஷாபிஈ கிதாபுகளில் சொத்து விஷயத்தில் புத்தி நீங்கியவருக்குச் சொல்லப்படும் வலீமார்களின் வரிசை தந்தை, தந்தையின் தந்தை, அவர்கள் நியமித்த வஸிய்யு, பிறகு காழி என்று போகிறது. எழுபது வயதுப் பெரியவருக்குத் தந்தை எங்கே, பாட்டனார் எங்கே? மனைவியும் பிள்ளைகளும் அந்த வரிசையில் இல்லை. வைத்திய விஷயத்தில் 1992-ஆம் ஆண்டு ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, தகுதியுள்ள நோயாளியின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும் என்றும், அவருக்குத் தகுதி இல்லையானால் ஷரீஅத்தின் வரிசைப்படி வலீயின் சம்மதம் வேண்டும் என்றும், வலீயின் மறுப்பினால் நோயாளிக்குத் தெளிவான தீங்கு வருமானால் அந்த மறுப்பை ஏற்கக் கூடாது என்றும் தீர்மானித்தது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் யாருடைய அனுமதிக்காகவும் சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் அதே தீர்மானத்தில் உண்டு.

இவற்றை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படுகிறது. நாம் நியமிக்கும் மனிதருக்கு நாம் கொடுப்பது அதிகாரம் என்பதைவிட, நமது சொல் என்பதே பொருந்தும். புத்தியோடு இருக்கும்போது நாமே கொடுத்த சம்மதமும் நாமே தெரிவித்த மறுப்பும்தான் மூலப்பொருள். அவர் அதைச் சுமந்து சென்று உரிய இடத்தில் ஒப்படைக்கும் அமீன். சொல்லே கொடுக்காமல் ஆளை மட்டும் வைத்தால், பூட்டிய பெட்டியைக் கொடுத்துவிட்டுச் சாவியை நாமே விழுங்கியது போலாகும். வஸிய்யத்தைக் கேட்டறிந்த பின் அதை மாற்றுகிறவர்கள் மீதே அதன் பாவம் சாரும் என்று சூரத்துல் பகராவில் அல்லாஹ் எச்சரிக்கிறான். அந்த ஆயத்து சொத்து வஸிய்யத்தைப் பற்றியதாயினும், நம்பி ஒப்படைத்த சொல்லை மாற்றுவதன் பாரம் எத்தகையது என்பதை அதிலிருந்து உணர்ந்துகொள்ளலாம்.

சொல்லை எழுத்தில் வைக்க நமது நாட்டில் இப்போது ஒரு வழி திறந்திருக்கிறது. 2018 மார்ச் 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, குணமாகும் நம்பிக்கையற்ற நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதைப் புத்தியுள்ள வயது வந்த எவரும் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. முதலில் அதற்கு மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம் தேவைப்பட்டது; கஷ்டமான ஏற்பாடாக இருந்ததால் அதை யாரும் நாடவில்லை. 2023 ஜனவரி 24-ஆம் தேதி அதே கோர்ட்டு விதிகளைத் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரி ஒருவரின் சான்றைப் பெற்றால் போதும். தாம் பேச முடியாத நிலையில் யார் முடிவு சொல்ல வேண்டும் என்பதையும் பெயர் குறிப்பிட்டு எழுதலாம். ஒருவருக்கு மேலும் எழுதலாம். பிரதியைக் குடும்ப டாக்டரிடமும் நியமிக்கப்பட்டவரிடமும் கொடுத்துவைக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றிக்கொள்ளலாம்.

இதை வைத்துக்கொண்டு யாரும் ஒரு நொடியில் குழாயைப் பிடுங்கிவிட முடியாது. சிகிச்சை அளிக்கும் டாக்டரும் அனுபவமுள்ள வேறிரு நிபுணர்களும் சேர்ந்து முதலில் முடிவெடுக்க வேண்டும். அதை மற்றொரு குழு சரிபார்க்க வேண்டும். செயல்படுத்தும் முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். பெரியவர்களைச் சுமையாக நினைக்கும் பிள்ளைகளும் இக்காலத்தில் உண்டல்லவா, அவர்களிடமிருந்து பாதுகாக்க இது அவசியந்தான். மனநோய்ச் சிகிச்சைக்கு மட்டும் தனிச் சட்டம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்கலாம். சிங்கப்பூரில் வாழும் நம்மவர்களுக்கு, புத்தி தப்பிய பின்னரும் செல்லுபடியாகும் முக்தியார் பத்திரத்துக்கு அந்நாட்டுச் சட்டமே வழிசெய்திருக்கிறது. ஆனால் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது அந்த முக்தியாரின் அதிகாரத்தில் சேராது.

யாரை நியமிப்பது? மூத்த மகன் என்பதற்காகவே மூத்த மகனை வைக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவராக, நமது மனத்தை அறிந்தவராக, ஹலால் ஹராம் பேணுபவராக, டாக்டரிடம் தைரியமாகக் கேள்வி கேட்பவராக, அழுதுகொண்டிருக்கும் சொந்தங்களுக்கு நடுவில் நிதானம் தவறாதவராக இருக்க வேண்டும். இது பெண்ணுக்குரிய காரியமல்ல என்று சிலர் சொல்லக்கூடும். உமர் (ரலி) அவர்கள் தமது வக்பு நிலத்தைக் கவனிக்கும் பொறுப்பைத் தமது மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் எழுத்து மூலம் ஒப்படைத்தது அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அப்போது அவர்களுக்கு ஆண் மக்களும் இருந்தார்கள். சிறு பிள்ளைகளின் சொத்துக்கு வஸிய்யு வைப்பதில், தகுதியிருந்தால் மற்ற எவரையும்விடத் தாயே மேல் என்பதும் மின்ஹாஜில் உள்ளதே. மூலையில் தஸ்பீஹோடு உட்கார்ந்திருந்த அந்த உம்மாவின் பெயரை வாப்பா ஒரு தாளில் எழுதியிருந்தால், அவர்களை யார் ஒதுக்கியிருக்க முடியும்?

எழுதுவதற்கு முன் ஒரு மஷ்வரா அவசியம். பெருநாள் விடுமுறையில் வெளிநாட்டுப் பிள்ளைகளும் வந்திருக்கும் சமயம் நல்லது. யாரை நியமிக்கப் போகிறோம், ஏன் அவரை, எது வேண்டும், எது வேண்டாம் என்று எல்லோர் காதிலும் விழும்படி நாமே சொல்லிவிட வேண்டும். காகிதத்தை முதன்முதலாக ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்டால், ‘இது எப்போது எழுதினது, யார் எழுதவைத்தது’ என்று சந்தேகம் கிளம்பும். நமது வாயிலிருந்து நேராகக் கேட்டவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது. “இப்போது எதற்கு இந்த அபசகுனப் பேச்சு?” என்று பிள்ளைகள் வாயைப் பொத்த வருவார்கள். வஸிய்யத்துச் செய்ய வேண்டிய விஷயம் உள்ள முஸ்லிம், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைக் கேட்டதிலிருந்து, வஸிய்யத்து அருகில் இல்லாமல் ஓர் இரவும் தாம் உறங்கியதில்லை என்று இப்னு உமர் (ரலி) அவர்கள் சொல்லியிருப்பதை அந்தப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம். அவர்கள் சகுனம் பார்க்கவில்லை.

தாளில் எழுதும் வாசகத்தைத் தெரிந்த ஆலிம் ஒருவரிடமும், நம்பிக்கையான டாக்டரிடமும் காட்டிக்கொள்வது பேணுதல். குணமாகும் வழி இருக்கும் வரை எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்பதை முதல் வரியாக வைக்கட்டும். குணமில்லையென்று ஒன்றுக்கு மேற்பட்ட மருத்துவர்கள் உறுதிசெய்த பின் மூச்சுக் கருவியும் நெஞ்சை அமுக்கி மீட்கும் முயற்சியும் வேண்டுமா என்பதை அவரவர் யோசித்து எழுதட்டும். வலியைத் தணிக்கும் மருந்து, உணவு, தண்ணீர், உடல் சுத்தம் இவற்றை எந்த நிலையிலும் நிறுத்தக் கூடாது என்று எழுதுவதே நமக்குச் சரியாகப் படுகிறது. மூளை முற்றாகச் செயலிழந்து, கருவியால் மட்டும் இதயம் துடிக்கும் நிலையைப் பற்றி உலமாக்களிடையே இரு கருத்துண்டு. 1986-இல் அம்மானில் கூடிய பிக்ஹு அகாடமி அதை மரணமாகவே கொண்டது. 1987-இல் மக்காவில் கூடிய ராபித்தாவின் பிக்ஹு சபையோ, கருவியை எடுத்துவிடலாம், ஆனால் மூச்சும் இதயமும் நின்ற பின்பே மவ்த்தென்று கொள்ள வேண்டும் என்றது. கருவியை எடுப்பது ஆகும் என்பதில் இரு சபைகளுமே ஒத்துப்போகின்றன. இதை அறியாததால்தான் பல வீடுகளில் பிள்ளைகள் வருடக் கணக்கில் குற்ற உணர்ச்சியால் புழுங்குகிறார்கள்.

நியமனம் ஏற்றவருக்கும் ஒரு சொல். உமக்கு எது பிடிக்கும் என்று உம்மிடம் கேட்கப்படவில்லை. அவர் இங்கே இருந்து பேச முடிந்தால் என்ன சொல்வார் என்பதே உம்மிடம் கேட்கப்படுகிறது. எழுதாத புது நிலைமை ஒன்று வந்தால் அவருடைய நலனைப் பாரும், அவசரப்படாமல் டாக்டரிடம் கேளும், குடும்பத்தாரையும் கலந்துகொள்ளும். ஆஸ்பத்திரிக் கட்டணம் உமக்கு வரவேண்டிய வாரிசுப் பங்கைக் குறைக்கிறதே என்ற நினைப்பு மனத்தில் எட்டிப்பார்த்தால், அந்த இடத்திலேயே பொறுப்பை மற்றவரிடம் விட்டு விலகிக்கொள்ளும். ரூஹு பிரிந்த உடனே உமது பொறுப்பும் முடிந்துவிடுகிறது. சொத்தும் கடனும் வேறு ஆளின் வேலை.

ஆனால் அதற்குச் சற்று முன்னால் ஒரு வேலை பாக்கியிருக்கிறது. ஸக்கராத்தில் இருப்பவருக்குக் கலிமாவை நினைவூட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு அந்த நேரத்தில் சாத்தியே இருக்கும். உறவினர்கள் வெளியே பெஞ்சில் இருப்பார்கள். உள்ளே இயந்திரத்தின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இராது. முன்கூட்டியே பெரிய டாக்டரைப் பார்த்து, அந்த வேளையில் ஒருவர் கட்டிலருகே நின்று மெல்லிய குரலில் கலிமாச் சொல்லவும், முடிந்தால் கட்டிலைக் கிப்லாவின் பக்கம் திருப்பவும் அனுமதி கேட்டுவைக்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பதற்கென்று ஒருவர் பெயர் அந்தத் தாளில் இருக்கட்டும்.